தூண்டிலுக்குத் தோண்டிய மண்

புதுச்சேரியை அடுத்த நோணாங்குப்பத்தில் பெரிய பையன்கள் எங்களை மீன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் தூண்டிலைத் தொட விடமாட்டார்கள். எங்கள் வேலை மண்புழு எடுப்பது. “ஓடிப் போய் நாக்குப்பூச்சி எடுத்தாடா” என்று கொட்டாங்குச்சியைக் கையில் கொடுத்து விரட்டுவார்கள். சுண்ணாம்பாற்றில் உளுவைக்கும் கெளுத்திக்கும் அதுதான் இரை. எங்கே தோண்டுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. குளித்த தண்ணீர் பாய்கிற வாழையடி, எருக்குழி ஓரம், கிணற்றடி வாய்க்கால் என்று எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். தொழுவத்தில் மாட்டு மூத்திரம் தேங்குகிற இடத்தில் மட்டும் ஒன்றும் கிடைக்காது. மற்ற இடங்களில் களைக்கொட்டால் நாலு கொத்து கொத்தினால் போதும், கொட்டாங்குச்சி பாதி நிறைந்துவிடும்.

அப்போதே இரண்டு ஜாதி என்று பிரித்து வைத்திருந்தோம். எருக்குழியில் இருப்பது ஒல்லி. சிவப்பில் ஊதா ஓடியிருக்கும், தொட்டால் துள்ளும். வாழையடியில் ஒரு சாண் கீழே கிடப்பது வேறு. நல்ல தடிமன், சாம்பல் கலந்த பழுப்பு, தலைப்பக்கம் மட்டும் லேசான ஊதா. அது துள்ளாது. ஆனால் பிடித்து இழுத்தால் பாதி உடம்பை வளைக்குள் இறுக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பலமாக இழுத்தால் அறுந்துபோகும். பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித்தான் எடுக்க வேண்டும். அதன் உடம்பில் தலையிலிருந்து வால் வரை விரலை ஓட்டினால் வழவழவென்று போகும். வாலிலிருந்து தலைக்கு ஓட்டினால் சொரசொரக்கும். ஒவ்வொரு வளையத்திலும் பின்பக்கம் சாய்ந்த நுண்ணிய முட்கள் இருக்கின்றன, அவற்றைக் கொண்டுதான் அது மண்ணைப் பற்றிக்கொள்கிறது. தூண்டில் முள்ளில் அதிக நேரம் நின்றதும் இந்தத் தடித்த ஜாதிதான்.

ஒல்லிக்குப் பெயர் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், தடித்ததற்கு லாம்பிட்டோ மௌரிட்டி என்று வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டும் நம் மண்ணில் எங்கும் இருக்கிற புழுக்கள். செய்கிற வேலைதான் வேறு. முதலாவது மேலே கிடக்கிற மக்கலையும் சாணத்தையும் தின்று அங்கேயே வாழ்ந்து முடிக்கும். இரண்டாவது மண்ணுக்குள் குடியிருக்கும், மண்ணையும் மக்கலையும் சேர்த்து விழுங்கும், மேலும் கீழுமாகத் துளை போடும், விடியற்காலையில் வாழையடியில் உதிரி உதிரியாகக் குவியல் வைத்துவிட்டுப் போகும். கோடையில் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கி, உடம்பைச் சுருட்டிக்கொண்டு உறங்கும். ஐப்பசி மழையில் எழுந்து வரும். எங்கள் ஆயா அந்தக் குவியலைக் கையால் வழித்துக்கொண்டு போய்த் துளசி மாடத்தில் போடுவார். ஏன் என்று கேட்டால், “அது நல்ல மண்ணுடா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த நல்ல மண்ணைப் பற்றி உலகுக்கு முதலில் விரிவாக எடுத்துச் சொன்னவர் சார்லஸ் டார்வின். 1881இல் வெளிவந்த அவருடைய கடைசிப் புத்தகம் மண்புழுவைப் பற்றியது. இங்கிலாந்தின் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேல் மண் புழுவின் குடல் வழியாக மேலே வருகிறது என்று கணக்கிட்டுச் சொன்னார். கல்கத்தா தாவரவியல் பூங்காவிலிருந்து வரவழைத்த, கோபுரம் போல் எழும்பிய புழுக்குவியல்களையும் அதில் விவரித்திருக்கிறார். சர்ரே மாவட்டத்தில் ஒரு ரோமானிய வீட்டின் தரை புதைந்துபோனதில் புழுக்களின் பங்கு என்ன என்பதையும் ஆராய்ந்தார். மண்ணைத் தின்று மேலே கொட்டக் கொட்ட, பழைய தரை கீழே இறங்கிக்கொண்டே போகும். 1945இல் மார்ட்டிமர் வீலர் ரோமானிய மதுச்சாடிகளைத் தோண்டியெடுத்த அரிக்கமேடு எங்களுக்குப் பக்கத்தில்தான். மழைக்குப் பிறகு மேலே வந்து கிடக்கும் பாசிமணிகளைப் பொறுக்குவது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் வழக்கம். ஆகவே மண் நகரும் என்பது எங்களுக்கு ஆச்சரியமான செய்தி இல்லை.

டார்வின் புத்தகம் வந்து பத்தே ஆண்டில், 1891இல், பெ. சுந்தரம் பிள்ளை மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டார். அதில் நடராசன் என்ற பாத்திரம் வயலில் ஒரு நாங்கூழ்ப் புழுவைக் கண்டு, உழவனுக்கு முன்பே ஓயாமல் உழைக்கிற அதனோடு நின்று பேசுகிறது. தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நாடகத்திலிருந்து வந்தது என்று பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் புழுவையும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்கு நிஜமான ஆசை.

அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த நிலம் ஆற்றோர வண்டல். எழுபதுகளில் ஐ.ஆர்.எட்டு நெல் பயிரிட்டோம். தழைச்சத்துக்குக் கொளுஞ்சியும் பூவரசந்தழையும் போட்டு மிதித்தது போய், யூரியா மூட்டை வந்தது. அதற்குப் பின்னால் ஃபோரேட் என்ற குருணை மருந்து வந்தது. தண்டுதுளைப்பானுக்கு அது தேவைப்பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. வெண்கதிர் விழுந்த வயலைப் பார்த்துவிட்டு அப்பா சாப்பிடாமல் படுத்த நாட்கள் உண்டு. ஆனால் அந்தக் குருணை தண்டுதுளைப்பானோடு நிற்கவில்லை. ஃபோரேட்டின் வாடை இரண்டு நாள் வரப்பை விட்டுப் போகாது. மருந்து போட்ட மறுநாள் காலை வரப்போரம் முழுக்கப் புழுக்கள் மேலே வந்து கிடந்தன. முறுக்கிக்கொண்டு, அங்கங்கே வீங்கி, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல். கொக்குகள் அவற்றைப் பொறுக்கின. அப்பா கையைத் தட்டிக் கொக்குகளை விரட்டினார். “தின்னா அதுவும் சாவும்” என்றார். வீட்டுத் தரையில் எறும்புக்கும் பாச்சைக்கும் தூவிய பி.எச்.சி. பொடிக்கு இந்தியாவில் 1997இல் தடை வந்தது. ஃபோரேட்டுக்கு 2020 முடிவில்தான் வந்தது. நடுவில் கழிந்த காலம் ஒரு தலைமுறை.

மண்புழு தோலால் மூச்சு விடுகிறது. தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், அந்த ஈரத்தில் கரைந்து வருவது எதுவானாலும் உள்ளே போய்விடும். பூச்சி மருந்துக்கு வேறு வழி தேட வேண்டியதே இல்லை. உப்புக்கும் அப்படித்தான். கழிமுகத்து ஊரில் ஆழ்துளைக் கிணறு கீழே போகப் போகத் தண்ணீர் உவர்ப்பாகிறது. அதைப் பாய்ச்சிய தோட்டத்தில் புழுவைத் தேடுவது வீண்.

மண்ணுக்குள் இருந்தது புழு மட்டுமில்லை. எங்கள் ஓட்டு வீட்டின் தாழ்வாரத்தையொட்டி, மழைத் துளி விழாத ஒரு முழ அகலத்துக்குப் பொடிமணல் இருக்கும். அதில் வரிசையாகக் கூம்புக் குழிகள். குழியானை. மதியம் பெரியவர்கள் தூங்கும்போது கவிழ்ந்து படுத்து அதைப் பார்ப்போம். பிள்ளையார் எறும்பு ஒன்று விளிம்பில் கால் வைக்கும், மணல் சரியும். எறும்பு ஏறும், மறுபடி சரியும். அதற்குள் குழியின் அடியிலிருந்து மணல் தெறிக்கும். உள்ளே புதைந்திருக்கிற குழியானை தலையால் மணலை வாரி எறிகிறது. எறும்பு அடிக்கு வந்ததும் இரண்டு கொடுக்குகள் மட்டும் வெளியே தெரியும். ஒரு உலுக்கு. பிறகு எறும்பின் வெறும் ஓடு குழிக்கு வெளியே வந்து விழும். குழியானை பின்பக்கமாகத்தான் நடக்கும். உள்ளங்கையில் விட்டால் விரலிடுக்கைத் தேடிப் பின்னாலேயே போய்க் கூசவைக்கும். அது ஒரு புழுப்பருவம், வளர்ந்தால் தும்பி போல மெல்லிய இறக்கையோடு பறந்துவிடும். புழுவாக இருக்கும் காலம் முழுக்க அதன் குடல் பின்னால் மூடியே இருக்கும், கழிவை உள்ளேயே சேர்த்து வைத்துக் கூட்டை விட்டு வெளிவந்த பிறகுதான் போக்கும் என்பதைப் படித்தபோது, இத்தனை நாள் கையில் வைத்து விளையாடியதை அன்றுதான் சரியாகப் பார்த்தது போல இருந்தது. இன்று அந்தத் தாழ்வாரத்து மணல் மேல் பேவர் பிளாக் கிடக்கிறது.

எறும்புகளைப் பற்றி நம் பழைய கவிஞர்கள் கவனித்தது கொஞ்சமில்லை. புறநானூற்றின் 173ஆம் பாட்டு, வள்ளல் பண்ணன் வீட்டில் சோற்றுத் திரளைக் கையில் வாங்கிப் போகும் பிள்ளைகளின் வரிசையை, மழைக்கு முன் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலம் போகும் எறும்புச் சாரைக்கு ஒப்பிடுகிறது. பாடியவர் ஒரு சோழ அரசர். அவரும் என்றோ குனிந்து பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டிலும் எறும்பு முட்டையைத் தூக்கினால் அம்மா விறகை உள்ளே எடுத்து வைக்கச் சொல்வார்.

எறும்பு மண்ணுக்கு என்ன செய்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை நிலத்தில் மண்புழு இல்லை. தியோடர் எவன்ஸும் கூட்டாளிகளும் அங்கே சில பாத்திகளில் எறும்பையும் கரையானையும் மருந்தால் ஒழித்து, சிலவற்றில் இருக்க விட்டுப் பார்த்தார்கள். 2011இல் முடிவை வெளியிட்டார்கள். எறும்பும் கரையானும் இருந்த நிலத்தில் விளைச்சல் 36 சதவீதம் கூடுதல். அவற்றின் வளைகள் வழியே மழைநீர் ஆழத்துக்கு இறங்கியது, மண்ணில் தழைச்சத்தும் உயர்ந்தது. கரையான் என்றாலே கதவு நிலையையும் புத்தக அலமாரியையும் நினைத்துப் பயப்படுகிற நாம் இதைக் கொஞ்சம் மனத்தில் இருத்த வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கரையான் புற்றுக்கு வேறு மரியாதை இருந்தது. ஆடி மாதத்தில் மஞ்சள் பூசுவார்கள், பால் ஊற்றுவார்கள். புற்றுமண்ணைக் கொண்டுவந்து அடுப்புப் போடுவார்கள். மழைக்குப் பின் புற்றுக் காளான் முளைத்தால் குழம்பு. புதுமழை பெய்த மாலையில் ஈசல் கிளம்பினால் எங்கள் தெருவே வெளியே வந்துவிடும். அகல் விளக்கை ஏற்றி அன்னக்கூடையில் தண்ணீர் வைப்போம். ஆயா இறக்கையைப் புடைத்துவிட்டு, வெறும் சட்டியில் வறுத்து, வறுத்த அரிசியோடு கலந்து தருவார். வெண்ணெயில் வறுத்த வேர்க்கடலைக்குக் கிட்டத்தில் வரும் ருசி.

தரங்கம்பாடியில் டேனியர்களிடம் வைத்தியராக வேலை பார்த்த யோகான் கேர்ஹார்ட் கோனிக், லின்னேயஸின் மாணவர். அவர் தஞ்சைப் பக்கத்துப் புற்றுகளை வெட்டிப் பார்த்து, 1779இல் கரையானைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். புற்றுக்குள் கரையான் வளர்க்கிற பூஞ்சைத் தோட்டத்தை முதலில் எழுதியவர்களில் அவர் ஒருவர். ஈசல் பிடிப்பதையும் குறித்திருக்கிறார். புற்றின் இரண்டு பக்கமும் துளை போட்டு, காற்று வரும் பக்கத்தில் நாற்றமெடுக்கும் புகை மூட்டி, மறுபக்கத்தில் உள்ளே மணப்பொருள் தடவிய பானையை வைத்துப் பிடித்தார்களாம். மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்றார்களாம். அளவு மிஞ்சினால் வயிற்றுக்கடுப்பு வரும் என்று எச்சரிக்கவும் செய்கிறார். ஆயாவும் அதையேதான் சொன்னார், ஒரு கைப்பிடிக்கு மேல் எங்களுக்குக் கிடைத்ததில்லை.

2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் தென்னைகள் பாதிக்கு மேல் விழுந்தன. அதற்கு முன்பே கடலூர் சாலையோரம் வயல்கள் மனையாக மாறத் தொடங்கியிருந்தன. புயலுக்குப் பின் வேகம் பிடித்தது. வண்டல் மேல் லாரி லாரியாகக் கிராவல் கொட்டி, உருளை விட்டு இறுக்கினார்கள். சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாமுக்கு வருகிற கார்களுக்கு நிறுத்துமிடம் வேண்டியிருந்தது, பிள்ளைகளுக்கு வீடு வேண்டியிருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் உருளை ஏறிய மண்ணில் துளை இல்லை, துளை இல்லாத மண்ணில் தண்ணீர் இறங்காது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, சங்கராபரணியும் பெருகி வந்தது. அத்தனை தண்ணீரை எந்தப் புழுவாலும் மண்ணைக் குடிக்க வைத்திருக்க முடியாது. நான் சொல்வது சாதாரண ஐப்பசி மழையை. முன்பு அரை மணியில் வற்றிய தோட்டத்தில் இப்போது இரண்டு நாள் கொசு வளர்கிறது.

எறும்பு இன்றும் இருக்கிறது, அதுவும் நிறையவே. ஆனால் கட்டெறும்பும், பதர்க் குவியலை வாசலில் வட்டமாகப் போட்டு விதை சேர்த்த எறும்பும் குறைந்து, சமையல் மேடைச் சிற்றெறும்பும் நெருப்பெறும்பும் ஆளுகின்றன. உலகிலுள்ள எறும்புகள் சுமார் 200 கோடி கோடி என்று 2022இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எண்ணிக்கையை வைத்து நிம்மதி அடைய முடியாது. அதே ஆண்டு திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரத்தில் மஞ்சள் பித்து எறும்பு பெருகி, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சி ஆடுமாடுகளின் கண்களைக் கெடுத்தது. மலையையொட்டிய குடிசைகளை விட்டு ஆட்கள் இறங்கி வந்தார்கள். புழுவிலும் இந்த மாற்றம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் காடு குலையும்போது மண்புழுக் கூட்டம் எப்படி மாறுகிறது என்று எரிக் பிளான்ஷாரும் ஜே.எம். ஜுல்காவும் ஆராய்ந்து 1997இல் எழுதினார்கள். உள்ளூர்ப் புழுக்கள் பின்வாங்கும் இடத்தில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த பொன்டோஸ்கோலெக்ஸ் போன்றவை ஏறி அமர்கின்றன.

போன வருஷம் தம்பி மகன் மொட்டைமாடித் தோட்டத்துக்கு மண்புழு உரம் மூட்டையாக வாங்கி வந்தான். நல்ல உரம்தான், காபித்தூள் மாதிரி இருந்தது.

“பெரியப்பா, இதுல புழு ஒண்ணுகூட இல்லியே?”

“சலிச்சுட்டுத்தான்பா விப்பாங்க.”

“அப்போ உயிரோட புழு வாங்கிக் கீழத் தோட்டத்துல வுட்டுடலாமா? கிலோ கணக்குல கிடைக்குதாம்.”

கிடைக்கும். பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் அல்லது ஐரோப்பாவின் ஐசீனியா. இரண்டும் எருக்குழி ஜாதி. தொட்டியில் சாணமும் தழையும் போட்டால் வேகமாகத் தின்று உரமாக்கிக் கொடுக்கும், அந்த வேலைக்கு அவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தோட்டத்து மண்ணில் கொட்டினால் தீனி தீர்ந்த பிறகு நிலைக்காது, மண்ணைத் துளைக்கவும் போகாது. நாம் இழந்தது வாழையடி ஜாதி. அதைக் கடையில் கிலோ கணக்கில் யாரும் விற்பதில்லை. காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எஸ்.ஏ. அப்பாசி, எஸ். கஜலட்சுமி குழுவினர் ஆகாயத்தாமரையை உரமாக்க எருக்குழி ஜாதி, வாழையடி ஜாதி இரண்டையும் வைத்துப் பார்த்து 2001லேயே எழுதியிருக்கிறார்கள், அதில் நம் லாம்பிட்டோவும் இருந்தது. சென்னை புதுக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருவதும் அதுதான்: உள்ளூர்ப் புழுவைப் பயன்படுத்துங்கள், மேலே வாழ்வதையும் உள்ளே துளைப்பதையும் சேர்த்தே வையுங்கள். 2023இல் வந்த ஓர் உலகளாவிய மதிப்பீடு, தானிய விளைச்சலில் சுமார் 6.5 சதவீதம் மண்புழுவால் கிடைப்பது என்று சொல்கிறது. இது மண்ணுக்குள் இருக்கிற புழு செய்த வேலை, மூட்டையில் வருவது இந்தக் கணக்கில் சேராது.

அவனுக்கு இஸ்மாயிலின் முறையைச் சொன்னேன். புழுக்குவியல் தெரிகிற நிழலான, ஈரமான இடமாகப் பார்க்க வேண்டும். அரைக் கிலோ வெல்லமும் அரைக் கிலோ புதுச்சாணமும் இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் நிலத்தில் தெளிக்க வேண்டும். மேலே வைக்கோல், அதன் மேல் பழைய சாக்கு. தினம் தண்ணீர் தெளித்து வந்தால் மூன்று நான்கு வாரத்தில் சுற்றுவட்டத்துப் புழுக்கள் அங்கே வந்து சேரும். மண்ணோடு அள்ளிக்கொண்டு வந்து தோட்டத்தில் இறக்கி, தழையால் மூட வேண்டும். அதற்குப் பின் தழையைக் கூட்டி எரிக்கக் கூடாது.

எங்கள் தோட்டத்தில் தென்னையைச் சுற்றிச் சிமெண்ட் போடாத ஒரு துண்டு மிச்சமிருக்கிறது. மட்டையும் உரிமட்டையும் சருகும் போட்டு மூடியிருக்கிறோம். முதல் மழைக்கு மரவட்டை வந்தது, பிறகு பிள்ளைப்பூச்சியின் சத்தம் கேட்டது. காண்டாமிருக வண்டின் புழுவும் வந்தது, அதைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டோம். தடித்த மண்புழு மட்டும் இன்னும் வரவில்லை. எங்கள் தெருவில் அது வருவதற்கு வழி இல்லை, எல்லாப் பக்கமும் தளம்.

பூரணாங்குப்பம் போகும் வழியில் ஒருவர் இன்னும் வாழைத்தோப்பு வைத்திருக்கிறார். அவர் தோப்பில் காலையில் உதிரிக் குவியல்கள் கிடக்கின்றன. போய்க் கேட்டோம். “சாக்கு போட்டு எடுத்துக்குங்க, எனக்கென்ன கொறஞ்சிடப் போவுது” என்றார். கார்த்திகைக்குள் வரச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எங்கள் தென்னைக்கு வண்டு மருந்து என்று எதையும் குருத்தில் கொட்டக் கூடாது. தம்பி மகன் சரி என்று சொல்லிவிட்டு, வெல்லம் என்ன விலை என்று என்னிடம் கேட்டான்.